பதினேழு தரம் செத்தவர்

சாரத்தை நெஞ்சுவரை ஏற்றிக் கட்டிக்கொண்டு, கட்டடத்தின் நிலவறையான கெல்லரில் நின்று ஒரு வாளி மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றுகிறார் தபோதரன். காலை பத்தரை மணிக்குக் கொலோனில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். பிறகு போலி இரத்தத்தைத் துடைத்து, சூப்பும் பாணும் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். ரயில் பிடித்து, வீடிருக்கும் ஹம் நகருக்கு வந்துசேரப் பின்னேரம் மூன்று மணி. செத்தவீட்டால் வருகிறவர் குளிக்காமல் வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்பது அவர் மனைவி இராஜேஸ்வரியின் சட்டம். செத்தவரும் வந்தவரும் ஒரே ஆள் என்பதற்காக அதில் தளர்வு கிடையாது. உடுப்புத் தோய்க்கிற இயந்திரங்களுக்குப் பக்கத்தில் ஒரு குழாயும், தண்ணீர் ஓடுவதற்கு ஒரு துவாரமும் இருப்பதால் கெல்லர்தான் வசதி.

மேல்வீட்டு கிரௌசே அம்மா துணி எடுக்க இறங்கி வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை. இன்றைக்கு யார் கொன்றது என்று ஜெர்மன் மொழியில் விசாரிப்பார். மருமகன் என்று இவர் சொன்னால், அந்தக் குடும்பத்தைத் தொடக்கத்திலிருந்தே தனக்குப் பிடிக்கவில்லை என்பார்.

தபோதரனுக்கு அறுபத்தொரு வயது. விடிகாலையில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. லீவு நாட்களில் ஜெர்மன் தொலைக்காட்சித் தொடர்களில் நடிப்பு. இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் கொலோனில் ஒரு படப்பிடிப்புக் கூடத்தின் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தபோது, முதுகில் கத்தியோடு விழ ஒரு சமையல்காரர் அவசரமாக வேண்டும் என்று ஒருவர் ஓடி வந்தாராம். வரவேண்டிய நடிகருக்குக் காய்ச்சல். இவர் கட்டியிருந்த ஏப்ரனோடு போய் விழுந்தார். அன்று நின்றவர்கள் கை தட்டினார்கள். அடுத்த மாதமும் கூப்பிட்டார்கள்.

அந்த விழுகை ஊரில் ஆடிய கரப்பந்தாட்டத்தில், அதாவது வொலிபோலில், கற்றது. "பந்துக்குப் பாயத் தெரிஞ்சவனுக்கு விழவும் தெரியும். முழங்கால், இடுப்பு, தோள். தலை கடைசியிலதான் வரவேணும்." சொல்லிக்கொண்டே வரவேற்பறைக் கம்பளத்தில் விழுந்தும் காட்டுவார். தேத்தண்ணி கொண்டுவரும் இராஜேஸ்வரி அவரைத் தாண்டிப் போவார்.

விழுந்த பிறகுதான் உண்மையான வேலை என்பது அவருடைய கட்சி. "மூச்சைப் பிடிக்கிறது லேசு. கண்ணிமைதான் காட்டிக் குடுத்திடும்." இமை துடிக்காமலிருக்க ரயில் நிலையங்களை மனதுக்குள் வரிசையாகச் சொல்வார்: ஹம், காமன், டோர்ட்மண்ட், போஹும், எசன், டூயிஸ்பேர்க். எந்தக் கேமராவும் இதுவரை தன்னை டூயிஸ்பேர்க் தாண்டிப் போகவிட்டதில்லை, அதற்குள் 'கட்' சொல்லிவிடுவார்கள் என்கிறார்.

கட்டிலுக்கு அடியில் ஒரு பழைய சூட்கேஸ். அதற்குள் டாக்ஸிக்காரரின் தோல் ஜாக்கெட், தாதியின் நீலச் சட்டை, கடைக்காரரின் கம்பளிச் சட்டை, ஓர் இராஜதந்திரியின் கழுத்துப்பட்டி. படப்பிடிப்பில் தரும் உடுப்பை நம்பமாட்டார். அவர்கள் எப்போதும் இரண்டு அளவு பெரிதாகத் தருவார்களாம்.

மொத்தக் கணக்கு: பதினேழு தரம் செத்திருக்கிறார். முப்பது, நாற்பது தரம் உயிரோடு வந்திருக்கிறார். ஆனால் உயிரோடு வந்தவை எல்லாம் பின்தலை. காரோட்டும் பின்தலை, தட்டுக் கழுவும் பின்தலை. பெயர்ப் பட்டியலில் 'டாக்ஸிக்காரர்', 'சமையல்காரர் இரண்டு' என்று வருமே தவிர, ஒரு பாத்திரத்துக்கும் பெயர் இருந்ததில்லை. இராஜேஸ்வரி இவற்றில் ஒன்றையும் பார்த்ததில்லை. புருஷன் சாகிறதைக் காசு கொடுத்தாலும் பார்க்கமாட்டார். மற்றவற்றுக்கும் பதில் வைத்திருந்தார். "பின்தலையை நான் வீட்டில தினமும் பாக்கிறன்தானே. சாகாமல், முகம் தெரிய, வாய் திறந்து கதைக்கிற படம் ஒண்டு வரட்டும். அண்டைக்கு இருந்து பாக்கிறன்."

இதைச் சொல்லி இருபத்திரண்டு வருடம். அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டுக்கொண்டிருந்தார். ஆனால் மறக்கவில்லை.

போன தை மாதம் மின்னஞ்சல் வந்தது. மகள் மிதுசா வாசித்துச் சொன்னாள். ஒரு துப்பறியும் தொடர். நகரத்தார் தோட்டம் செய்ய வாடகைக்கு எடுக்கிற சிறு காணிகள் வரிசையாக இருக்கும் இடத்தில் ஒரு திருட்டு. பக்கத்துக் காணிக்காரர் சாட்சி. ஐந்து வசனம். பாத்திரத்துக்குப் பெயரும் உண்டு: ஹேர் சிங், அதாவது திரு. சிங். இவர் உடனே எழுதச் சொன்னார், நான் சிங் இல்லை, தலைப்பாகை கட்டத் தெரியாது என்று. அப்படியானால் ஒரு பெயர் சொல்லுங்கள் என்று பதில் வந்தது. அவசரத்தில் வாயில் வந்தது தங்கராசா. அது மாமனாரின் பெயர். கரப்பந்து அடிக்கிறவன் குடும்பம் நடத்துவானோ என்று கேட்டு ஒன்றரை வருடம் பெண் தராமல் இழுத்தடித்தவர். "மாமா உயிரோட இருந்திருந்தா வழக்குப் போட்டிருப்பார்" என்று இராஜேஸ்வரிக்குக் கேட்காமல் மகளிடம் சொல்லித் தபோதரன் இரண்டு நாள் சிரித்தார்.

மூன்றாம் நாள் இயக்குநரைச் சந்திக்கப் போனார். முப்பது வயதுப் பெண். இவருடைய சாவுகளை எல்லாம் தேடிப் பார்த்திருந்தார். இவ்வளவு அழகாக விழுகிற ஒருவரை உயிரோடு விடுவது வீண் என்பது அவருடைய எண்ணம். திருடன் தள்ளிவிட, தங்கராசா அவரைக்காய்க் கொடிக் கம்புகளுக்குள் விழுந்து இறப்பதாக மாற்றிவிட்டால் கதையே அவரைச் சுற்றி ஓடும். முகம் திரை முழுக்க வரும். எந்தத் துணை நடிகரும் அந்த இடத்திலேயே தலையாட்டியிருப்பார்.

விழுகிறேன், ஆனால் எழும்ப வேண்டும் என்றார் தபோதரன். காரணம் கேட்டார் அந்தப் பெண். மனைவி இன்னும் ஒரு படமும் பார்க்கவில்லை என்றார். யோசித்துச் சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டார்கள்.

இரண்டு கிழமை ஒரு தகவலும் இல்லை. சாகச் சொன்னதையும் தான் மறுத்ததையும் மட்டும் வீட்டில் அவர் சொன்னபோது இராஜேஸ்வரி கத்தரிக்காயிலிருந்து கண்ணெடுக்காமல், "இல்லையெண்டா விடுங்கோ. ஆனா செத்தா நான் பாக்கமாட்டன்" என்றார். மிதுசாதான் தகப்பனோடு சண்டை பிடித்தாள். இவ்வளவு நாள் கழித்து ஒரு பெயர் கிடைத்தது, அதையும் தொலைத்துவிட்டு வந்து நிற்கிறீர்களே என்று. அந்த நாட்களில் முதியோர் இல்லத்தில் ரவைக்கஞ்சி இரண்டு தரம் அடிப்பிடித்தது. பத்து வருடத்தில் அப்படி நடந்ததில்லை என்று அங்கே பேசிக்கொண்டார்கள்.

மூன்றாவது கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. எழும்பலாம் என்றார்கள்.

படப்பிடிப்பில் இன்னொரு திருத்தமும் அவருடையது. கடைசி வசனத்தில், என் ரோசாவை மிதித்துவிட்டான் என்று பொலிசிடம் சொல்ல வேண்டும். ரோசா நடுவதற்கா ஒரு மனிதன் காணி எடுப்பான் என்று கேட்டு, அதை மிளகாய்க் கன்று ஆக்கிவிட்டு வந்தார்.

தொடர் முதலில் இணையத்தில் வந்தது. சனிக்கிழமை பின்னேரம், சோபாவில் மூன்று பேர். எழும்புவதாக மாற்றியதை இராஜேஸ்வரியும் அறிவார். ஆனால் விழுவதைப் பற்றித் தபோதரன் ஒரு சொல் விடவில்லை. கதையை முன்கூட்டிச் சொல்வது தொழில் தர்மம் இல்லையாம். எழும்பச் சம்மதித்தார்கள் என்றதும், படுக்கையிலிருந்து எழும்புவதாக இராஜேஸ்வரி நினைத்திருக்க வேண்டும்.

தங்கராசா தோட்டத்துக்குள் வந்தார். முகம் தெரிந்தது. கதைத்தார். "இது ஐயான்ர பேரெல்லோ" என்று இராஜேஸ்வரி திரும்பினார். அதற்குள் திருடன் ஓடி வந்து தள்ளிவிட்டான். முழங்கால், இடுப்பு, தோள், கடைசியாகத் தலை. அவரைக்காய்க் கம்புகள் சரிந்து அவர் மேலே விழுந்தன. கேமரா நெருங்கிப் போனது. இமை அசையவில்லை.

இராஜேஸ்வரியின் கை பக்கத்தில் இருந்தவரின் மணிக்கட்டைப் பிடித்தது. நாடி பார்ப்பதுபோல இரண்டு விரல் அழுத்தியிருந்தது. திரையைப் பார்த்தபடியே, "இஞ்சேருங்கோ" என்று கூப்பிட்டார்.

தபோதரன் வாய்க்குள் முணுமுணுத்தார். "ஹம். காமன். டோர்ட்மண்ட்."

டோர்ட்மண்டில் கண் திறந்தது. தங்கராசா கம்புகளை விலக்கி எழும்பி, காற்சட்டையைத் தட்டிவிட்டு, பொலிஸ்காரரைத் தேடிப் போய், அவன் என் மிளகாய்க் கன்றை மிதித்துவிட்டான், அதையும் எழுதுங்கள் என்று திரை முழுக்க முறைத்தார்.

"மிதுசா, நிப்பாட்டு" என்றார் இராஜேஸ்வரி.

படம் அந்த முகத்தில் நின்றது. அவர் எழுந்து சமையலறைக்குப் போனார். அழப் போயிருக்கிறாரோ என்று தகப்பனும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். திரும்பி வந்தபோது பொத்திய கைக்குள் உப்பும் செத்தல் மிளகாயும் இருந்தன. நாவூறு கழிக்கப் போகிறார் என்று விளங்கியதும், தபோதரன் பெருமையோடு எழுந்து போய்த் தொலைக்காட்சிக்கு முன்னால் நேராக நின்றார்.

"தள்ளி நில்லுங்கோ, மறைக்கிறியள்" என்றுவிட்டு, இராஜேஸ்வரி திரையில் நின்ற முகத்தை மூன்று தரம் சுற்றினார்.

அவர் ஓரமாக ஒதுங்கி நின்றார். ஆனால் கை சுற்றி வரும்போதெல்லாம் தலையைக் கொஞ்சம் குனிந்துகொண்டார்.