வலது தோள் பெரிய சட்டை

எங்கள் பனியன் கம்பெனிக்கு ஒரு பதக்க வீரர் சரக்கு வாங்க வந்தார். ருமேனியாக்காரர். துடுப்புப் படகு வேகப் பந்தயத்தில் ஊர் ஊராக ஜெயித்து, ஓய்வு பெற்று, விளையாட்டு உடைக் கடை வைத்தவர். முதலாளி பொன்னாடை போர்த்தினார், இளநீர் கொடுத்தார், படம் எடுத்துக்கொண்டார். படகுக்காரர் ஆச்சே, சாயக் கழிவு ஓடும் எங்கள் ஆற்றுப் பக்கம் மட்டும் அழைத்துப் போய்விடாதே என்று டிரைவருக்குத் தனி உத்தரவு.

தன் பழைய அணிக்கு டி-ஷர்ட் கேட்டார். சாம்பிளை அவரே போட்டுப் பார்த்தார். வலது தோள் பிடித்தது, இடது தோள் தொங்கியது. ஆர்டர் என் பொறுப்பு; தையல் மாஸ்டரை ஒரு பிடி பிடிக்க நான் தயாரானேன். அவர் சிரித்தார். அந்தப் படகில் ஒரு முழங்காலை ஊன்றி ஒரே பக்கம்தான் துடுப்புப் போடுவார்களாம். சிறு வயதில் கோச் வலது பக்கத்தைக் காட்டினாராம். கடைசிப் பந்தயம் வரை வலதுதான். பதக்கம் வந்தது, உடம்பு கோணிவிட்டது. மாஸ்டர் வலது தோளை மட்டும் அகலமாக்கித் தைத்துக் கொடுத்ததும் கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு சாம்பிளில் கையெழுத்துப் போட்டார்.

கையெழுத்துப் போட்ட சாம்பிள்தான் எங்களுக்கு வேதம். அது சட்டையா சாக்கா என்று யாரும் கேட்க மாட்டோம். மொத்த ஆர்டரையும் வலது தோள் பெரிதாகவே தைத்து அனுப்பினோம். ஒரு படகில் இருவர், ஆளுக்கொரு பக்கம் என்பது அத்தனை பெரிய கம்பெனியில் ஒருவர் மண்டையிலும் உதிக்கவில்லை.

அணியில் இடது பக்கம் துடுப்புப் போடும் பாதிப் பேருக்குச் சட்டை கோணல் என்று செய்தி வந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டார். எங்கள் ஊரில் வேலையை விட்டு அனுப்புவதையும் மரியாதையாகத்தான் செய்வார்கள்.

"சரக்கு திரும்பி வந்துச்சுன்னா, நீங்களும் ஊட்டுக்குப் போயிருங்க."

வீட்டில் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

மறுநாள் ஒரு படம் வந்தது. ருமேனியாக்காரரும் அவருடைய படகுக் கூட்டாளியும் தோளில் கைபோட்டு நிற்கிறார்கள். கூட்டாளி சட்டையின் உள்புறம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டிருக்கிறார். பெரிய தோள் இடது பக்கம் போய்விட்டது. மற்ற இடது பக்கத்தாரும் அப்படியே போட்டுக்கொண்டார்களாம். சரக்கு திரும்பாது. துடுப்பைத் தொட்ட நாளுக்குப் பிறகு தங்கள் உடம்புக்குச் சரியாக அமைந்த முதல் சட்டை இதுதான் என்று ருமேனியாக்காரர் கீழே எழுதியிருந்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

முதலாளி படத்தைப் பெரிதாக்கி, வெளியே தெரிந்த, விளிம்பு பிரியாமல் போடும் ஓவர்லாக் தையலை ஓரம் ஓரமாகப் பார்த்தார்.

"திருப்பிப் போட்டும் ஒரு பிசிறு இல்லீங்க. நாளைக்கு நேரத்துல வந்துருங்க."