கொண்டை ஊசி வளைவில் இலக்கியம்

காலை பஸ் அடிவாரத்துக் காரவள்ளியைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் குளிர்காற்று வரும் என்று எழுதுகிறவர்கள் காரில் போகிறவர்கள். பஸ்ஸில் முதலில் வருவது புளித்த வாடை. முந்தின நாள் யாரோ எடுத்த வாந்தியை ஒரு வாளித் தண்ணீரில் கழுவி விட்டிருப்பார்கள். ஜன்னலோரத் தகரத்தில் மிச்சம் காய்ந்து கிடக்கும். அந்த வாடையில்தான் நான் பல வருஷமாக நாவல் படித்துக்கொண்டிருக்கிறேன்.

பிறந்தது மலைமேல் வாழவந்தி நாட்டில், கட்டிக்கொடுத்தது அடிவாரத்தில், நர்ஸ் வேலை கிடைத்தது மறுபடியும் மலைமேல். எழுபது வளைவும் என் வயிற்றுக்கு ஒரு பொருட்டே இல்லை. கீழிருந்து வருகிறவர்கள் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக் கண்ணை மூடியிருப்பார்கள். நான் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருப்பேன்.

படிக்க எனக்கு யாரும் வேண்டாம். படித்ததைப் பேசத்தான் ஆள் வேண்டும். வீட்டுக்காரருக்குச் செல்போன் போதும். ஆஸ்பத்திரியில் கையில் புத்தகத்தைப் பார்த்தால் என்ன பரீட்சை என்று கேட்பார்கள். அதனால்தான், மலைமேல் பள்ளிக்கு மாற்றலாகி வந்த ஒரு டீச்சர் என் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏனுங்க சிஸ்டர், என்ன புஸ்தகமுங்க, நல்லாருக்குதுங்களா?" என்று கேட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்றைக்கு ஆரம்பித்தது. நான் பேசுவேன், டீச்சர் நேராக ரோட்டைப் பார்த்தபடி கேட்பார். நான் நிறுத்தினால் "அப்புறமுங்க?" என்பார். எனக்குப் பிடித்த எழுத்தாளர் ஒருவர் உண்டு. அவரைப் பற்றி மட்டும் ஒரு மாசம் பேசியிருப்பேன். இன்னொருவர் மழை பெய்தால் ஆறு பக்கத்துக்கு நனைகிறவர். அவர் தண்டம் என்றேன். "தண்டமுங்க" என்றார். அடுத்த வாரம், யோசித்துப் பார்த்தால் அவரும் பரவாயில்லை என்றேன். "பரவால்லீங்க" என்றார். எவ்வளவு திறந்த மனசு என்று நினைத்துக்கொண்டேன். அதை நினைத்தால் இப்போது எனக்கே குமட்டுகிறது.

என்னிடம் இருப்பதிலேயே உயிரான நாவலை அவருக்குக் கொடுத்தேன். ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்ட இரண்டு ஓரகத்திகளின் கதை. கடைசியில் ஒரு நாள், சுவருக்கு அந்தப் பக்கம் ஆட்டுக்கல் சத்தம் நின்றுபோகும். இந்தப் பக்கத்தவள் கையில் மாவோடு அப்படியே நிற்பாள். அந்த இடத்தை எப்போது படித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும். டீச்சர் அதைத் தினமும் பஸ்ஸில் திறந்து முகத்துக்கு ஒட்டப் பிடித்துக்கொள்வார். கிட்டப்பார்வை போல என்று நினைத்தேன். சில இடத்தில் கண்ணை மூடி ஆழமாக மூச்சு இழுப்பார். ஆட்டுக்கல் வந்துவிட்டது, இவருக்கும் தொண்டை அடைக்கிறது என்று தொந்தரவு செய்யாமல் இருப்பேன்.

ரெண்டு வருஷம் கழித்து டீச்சருக்குக் கீழே மாற்றல் கிடைத்தது. கடைசி நாள் பஸ்ஸில், அவர் இடத்துக்கு வரப்போகும் இளம் டீச்சரையும் கூட்டி வந்தார். அந்தப் பெண் அடிவாரத்திலேயே வெளிறிப்போயிருந்தாள். எங்கள் டீச்சர் நாவலை என் கையில் கொடுத்தார்.

"இந்தாங்க சிஸ்டர். இது இல்லீன்னா இந்த ரோட்டுல நான் ஒரு மாசம் தாங்கியிருக்க மாட்டேனுங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. புத்தகத்தைத் திறந்தேன். பக்கத்துக்குப் பக்கம் எலுமிச்சைத் தோல். நசுங்கி, கறுத்து, பச்சையாகப் பூசணம் பூத்து, தாளோடு தாளாக ஒட்டியிருந்தது. ஆட்டுக்கல் நிற்கும் பக்கத்தில் ஒன்றைப் பிய்த்தேன். நாலு வரி அதோடு வந்துவிட்டது. விரலில் பிசுபிசுப்பு. வாந்தியைக் கையால் துடைத்துப் பழகினவள் நான். அதில்கூட எனக்கு இந்த அருவருப்பு வந்ததில்லை.

"தோலக் கையில வெச்சா காஞ்சு போயிருதுங்க. இதுக்குள்ள வெச்சா வாசம் நிக்குது" என்றார், ஏதோ சமையல் குறிப்பு சொல்வதுபோல.

"இதைப் படிக்கவே இல்லீங்களா?" என்றேன்.

"இந்த வளைவுல எழுத்தப் பாத்தா உசுரே போயிருமுங்க. அதான் நீங்க கதை பூராத்தையும் சொல்லிட்டீங்களே." பிறகு இளம் டீச்சரைத் தட்டி, என் முன்னாலேயே சொன்னார்: "கண்ணு, சிஸ்டர் பக்கத்துலயே உக்காந்துக்க. புஸ்தகத்தப் பத்தி ஒண்ணு கேட்டு உட்டீன்னா மலை உச்சி சோளக்காடு வரைக்கும் பேசுவாங்க. என்ன சொல்றாங்கன்னு கேக்கோணும்னு இல்ல. சத்தம் காதுல உழுந்துட்டே இருந்தாப் போதும், கொமட்டாது."

கேலியாகச் சொல்லவில்லை. நன்றியோடு சொன்னார். அதுதான் தாங்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் திருப்பித் திட்டியிருப்பேன். என் எழுத்தாளரும், என் ரசனையும், நான் ராத்திரியில் யோசித்து வைத்துக்கொண்டு வந்த வார்த்தைகளும் இந்த அம்மாவுக்கு வாந்தி மாத்திரை. அன்று சோளக்காடு வரை நான் வாயே திறக்கவில்லை. இருவரும் மாறி மாறி ஓங்கரித்தார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை இளம் டீச்சர் மட்டும் வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். முதல் வளைவிலேயே நெற்றி வியர்த்தது. எலுமிச்சம்பழத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "அக்கா, இப்ப என்ன புக்குங்க படிக்கறீங்க?" என்றாள்.

"சோளக்காடு வந்ததும் சொல்றேன்."

உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் வளைவு முடிந்த பிறகும் கேட்கட்டும் என்று முடிவு செய்திருந்தேன். அவள் அதற்குப் பிறகு ரெண்டு தடவை கேரி பேக்கில் வாந்தி எடுத்தாள். முதுகை நீவிவிட்டேன், அது என் தொழில். பேசவில்லை.

கடைசி வளைவு முடிந்தது. பஸ் சமதரையில் ஓடத் தொடங்கியது. நான் புத்தகத்தை மூடினேன். எங்கிருந்து ஆரம்பிப்பது, எழுத்தாளரிலிருந்தா கதையிலிருந்தா என்று மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, அவள் பக்கம் திரும்பினேன்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் தெளிந்திருந்தது. அவளுக்கு இனி நான் தேவையில்லை. தொண்டை வரை வந்த முதல் வாக்கியத்தை விழுங்கினேன். தோல் ஒட்டிய புத்தகத்தைத் தொட்டபோது வந்ததைவிட, பேசலாம் என்று அவள் பக்கம் திரும்பினேனே, அதுதான் எனக்கு அதிகம் குமட்டியது.