ஏகாம்பரம் நாற்பத்தேழு முறை அமுக்கினார்

1. பத்து நிமிடம்

திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டு. அதன் கேட்டுக்கு நாங்கள் செய்துகொடுத்த டோக்கன் ஆப், முதல் நாள் காலை ஆறு மணிக்குத் திறந்து ஆறு பத்துக்குப் படுத்துவிட்டது. டோக்கன் இல்லாமல் டிரெய்லர் உள்ளே போக முடியாது. வண்டிகள் எண்ணூர் சாலையில் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன.

"காலை நேரக் கூட்டத்தை ஆப் தாராளமாகத் தாங்கும்" என்று லோடு டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டவள் நான். இருபது வருடமாக டெஸ்டர். அடுத்தவர் தப்பைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவள் என்பதால், என் தப்பைப் பார்த்து எனக்குப் பழக்கமில்லை.

2. மூன்று கட்சி

எங்கள் ஆபீஸ் வண்ணாரப்பேட்டையில், ஒரு ஜவுளி மொத்தக்கடையின் மாடியில். டிரைவரின் போனும் எங்கள் சர்வரும் பேசிக்கொள்ளும் முறைக்கு ஏபிஐ என்று பெயர். அதில் மூன்று பாணிகளைப் பரிசீலித்தோம். ரெஸ்ட் என்பது வண்டி விவரம், நேரம், டோக்கன் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்கும். கிராஃப்க்யூஎல், வேண்டியதையெல்லாம் ஒரே சீட்டில் எழுதிக் கேட்கும். ஜிஆர்பிசி, கேள்வியைச் சுருக்கிச் சின்னப் பொட்டலமாகக் கட்டி அனுப்பும்.

டெவலப்பர் தினேஷ் ஜிஆர்பிசி கட்சி. முதலாளி சங்கர் சார் ஏதோ மாநாட்டில் கிராஃப்க்யூஎல் டி-ஷர்ட் வாங்கி வந்தவர், ஆகவே அந்தக் கட்சி. ரெஸ்ட் பழசு என்பதால் அதற்குத் தொண்டர்கள் யாரும் இல்லை. நான் நடுநிலை. அதாவது, இரண்டு பேரும் என்னிடம் தனித்தனியாக வந்து காபி வாங்கிக்கொடுத்தார்கள்.

மூன்றின் மீதும் ஐநூறு வர்ச்சுவல் யூசர்களை ஏவினேன். டிரைவர் மாதிரி நடிக்கும் ஸ்கிரிப்டுக்குத்தான் அந்தப் பெயர். ஒரு தடவை டோக்கன் கேட்கும். பதில் வரும்வரை காத்திருக்கும். வந்ததும் ஐந்து விநாடி யோசிக்கும். அந்த யோசனைக்கு 'திங்க் டைம்' என்று பெயர். பயிற்சியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

ஜிஆர்பிசி ஜெயித்தது. வித்தியாசம் கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை. ஆனால் கிராஃபில் மலையும் மடுவுமாகத் தெரியும்படி அளவை அமைத்திருந்தேன். ஆப்பை அதிலேயே கட்டினோம். தினேஷ் எல்லோருக்கும் பிரியாணி வாங்கினான். சங்கர் சார் அந்த டி-ஷர்ட்டை அப்புறம் போட்டு நான் பார்க்கவில்லை.

3. கேட்டில்

ஆப் படுத்த அன்று சங்கர் சாரும் நானும் யார்டுக்கு ஓடினோம். யார் எத்தனை தடவை பட்டனை அமுக்கினார்கள் என்ற பட்டியலை யார்டு மேனேஜர் எடுத்து வைத்திருந்தார். முதலிடத்தில் டிரைவர் ஏகாம்பரம். பத்து நிமிடத்தில் நாற்பத்தேழு முறை.

"இந்த ஆளு வேணும்னே கவுத்திருக்கான். ஒரு மாசம் அவன் லாகினை பிளாக் பண்ணுங்க" என்றார் மேனேஜர். லாகின் இல்லையென்றால் டோக்கன் இல்லை, டோக்கன் இல்லையென்றால் அந்த மனிதருக்கு டிரிப் இல்லை.

சங்கர் சார் முகம் தெளிந்துவிட்டது. "அப்போ நம்ம மேல தப்பு இல்ல. யூசர் மிஸ்யூஸ்னு ஒரு ரிப்போர்ட் குடுத்துடுங்க ஸ்டெல்லா."

தலையாட்டினேன். எனக்கும் அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது. ரிப்போர்ட்டில் சேர்க்க ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாமென்று வரிசையில் ஏகாம்பரத்தைத் தேடிப் போனேன். வியாசர்பாடிக்காரர், ஐம்பதைத் தாண்டியவர்.

"அண்ணே, எதுக்கு நாப்பத்தேழு வாட்டி அமுக்குனீங்க?"

"எண்ணி வேற வெச்சுகிறியா? பதினோரு மணிக்குள்ள பொட்டிய ஏத்திகினு ஹார்பருக்குப் போவணும். இல்லாங்காட்டி கப்பல் பூடும். இது இன்னாடான்னா, அமுக்குனா வெள்ளையா நின்னுகினு கீது. வருதா இல்லியான்னு ஒரு வார்த்த சொல்லுதா? நான் இன்னா பண்ணட்டும், கைய கட்டிகினு நிக்கட்டுமா?"

"கொஞ்சம் வெயிட் பண்ணியிருந்தா வந்திருக்கும்ணே."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உனுக்கு எந்த ஏரியா?"

"தண்டையார்பேட்டை."

"தண்டையார்பேட்டைல தண்ணி லாரி வந்தா நீ வெயிட் பண்ணுவியா?"

ஒரு குடம் தண்ணீருக்கு மூன்று குடத்தைப் போட்டு இடம் பிடிப்பவள் நான். அந்த வாரம்தான் எதிர் வீட்டம்மாவோடு குழாயடியில் ஒரு பாட்டம் சண்டை முடிந்திருந்தது. அப்படியிருக்க, நான் உருவாக்கிய அந்த ஐநூறு பேர் எந்த ஊர்க்காரர்கள்? ஒரே தடவை கேட்டு, வாய் திறக்காமல் நின்று, கிடைத்ததும் ஐந்து விநாடி யோசிக்கிறவர்கள். அப்படி ஒரு ஆளை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது.

அன்று ஏகாம்பரத்தின் பெட்டி கப்பலைப் பிடிக்கவில்லை.

4. ஐநூறு ஏகாம்பரம்

ஆபீசுக்கு வந்து புது ஸ்கிரிப்ட் எழுதினேன். திங்க் டைம் கிடையாது. ஒரு விநாடியில் பதில் வராவிட்டால் மறுபடி அமுக்கும். திரை வெள்ளையாக நின்றால் ஆப்பை மூடித் திறந்து மறுபடி அமுக்கும். அதற்கு 'ஏகாம்பரம்' என்றே பெயர் வைத்து, ஐநூறு ஏகாம்பரங்களை அனுப்பினேன்.

மூன்று பாணியும் விழுந்தன. முதலில் விழுந்தது நம் சாம்பியன் ஜிஆர்பிசிதான். ஒவ்வொரு அமுக்கலையும் புது டோக்கன் என்று நினைத்து, மற்ற இரண்டையும்விட வேகமாகக் கொண்டுபோய் டேட்டாபேஸ் தலையில் கொட்டியது. தினேஷ் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிரியாணி பற்றி யாரும் பேசவில்லை.

மருந்து சின்னதுதான். ஒரே வண்டி மறுபடி கேட்டால் புதிதாக வேலை தொடங்காமல் முதல் பதிலையே கொடுக்க வேண்டும். திரையில் "கேட்டாச்சு, டோக்கன் வந்துகொண்டிருக்கிறது" என்று ஒரு வரி காட்ட வேண்டும். இரண்டு நாள் வேலை. அதற்குப் பிறகு மூன்றும் விழாமல் தாங்கின, தொண்டர் இல்லாத ரெஸ்ட் உள்பட.

புது ரிப்போர்ட்டை சங்கர் சாரிடம் நீட்டினேன்.

"இது நமக்குள்ள இருக்கட்டும். யார்டுக்கு மிஸ்யூஸ்னே அனுப்புங்க."

"சார், அந்த ஆளுக்கு ஒரு மாசப் பொழப்பு போயிடும்."

"நமக்கு கான்ட்ராக்ட் போயிடும். உங்களை டெஸ்ட் லீடா போடலாம்னு இருக்கேன், ஞாபகம் வெச்சுக்கங்க."

ஞாபகம் வைத்துக்கொண்டுதான் யார்டுக்கு மெயில் அனுப்பினேன். "டிரைவர் ஏகாம்பரம் ஆப்பை, ஒரு டிரைவர் எப்படிப் பயன்படுத்துவாரோ அப்படியே பயன்படுத்தினார். சோதனையைத் தவறாக அமைத்தது நான்."

லாகின் பிளாக் ஆகவில்லை. கான்ட்ராக்டும் போகவில்லை. மேனேஜருக்குத் தேவைப்பட்டது திட்டுவதற்கு ஓர் ஆள், நான் கிடைத்துவிட்டேன். லீட் பதவி தினேஷுக்குப் போனது. தினேஷ் மறுபடியும் பிரியாணி வாங்கினான்.

5. புதிதாக வருகிறவர்களுக்கு

எந்தப் பாணி வேகம் என்று அளப்பதற்கு முன்னால், அமுக்கப்போகிறவர் யார் என்று ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். நான் கற்றது அவ்வளவுதான். அதைக் கற்றுக்கொள்ள, என் தெருவை நானே மறந்திருந்ததை ஏகாம்பரம் சொல்ல வேண்டியிருந்தது.

சில மாதம் கழித்து ராயபுரத்தில் ஒரு டீக்கடையில் ஏகாம்பரத்தைப் பார்த்தேன்.

"யக்கா, இப்போ ஒரே அமுக்குல வந்துடுது" என்றார்.

"அப்போ ஒரு வாட்டிதான் அமுக்குறீங்களாண்ணே?"

"சேச்சே. மேல நாலு வாட்டி அமுக்கி வெச்சுடுவேன். உன்னிய நம்பலாம், உன் ஆபீச நம்ப முடியுமா?"

மறுநாள் முதல் வேலையாக, யார் எத்தனை தடவை அமுக்கினார்கள் என்று பதிவாகும் லாகைத் திறந்து ஏகாம்பரத்தின் பெயரைப் பார்த்தேன். ஒன்பது.