தம்பியின் மருந்து மூடி

அப்போது எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு மூன்று. அவனுக்கு வலிப்பு வரும் என்பதால் தினமும் காலையில் ஒரு மூடி சிரப் கொடுக்க வேண்டும். அம்மாவுக்குக் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் காலை ஷிப்ட், நைனாவுக்கு இன்னொரு கம்பெனியில் ராத்திரி ஷிப்ட். அம்மா கிளம்பி இரண்டு மணி நேரம் கழித்துத்தான் நைனா வருவார். நடுவில் வீட்டுக்கு நான்தான் பெரிய மனுஷி. அந்தத் திமிரும் எனக்கு நிறையவே இருந்தது.

அம்மாவின் கம்பெனியில் போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். பஸ் முன்னதாக வந்துவிட்டால் மருந்தை நைனாவுக்கு விட்டுவிட்டு ஓடுவாள். அதனால் இருவரும் ஓர் அடையாளம் வைத்திருந்தார்கள். கொடுத்தாயிற்று என்றால் அளவு மூடி பாட்டிலுக்குப் பக்கத்தில் கவிழ்ந்திருக்கும். இல்லையென்றால் பாட்டிலின் தலையிலேயே இருக்கும். சின்னப் பிள்ளைக்கு எதற்கு என்று என்னிடம் யாரும் இதைச் சொல்லவில்லை.

அன்றைக்குப் பள்ளிக்கூடம் லீவு. அம்மா மருந்து கொடுத்துவிட்டுப் போன பிறகு மூடியில் எறும்பு மொய்த்திருந்தது. கழுவித் துடைத்து, ஒழுங்காகப் பாட்டிலின் மேல் மாட்டி வைத்தேன். நான் குளித்துக்கொண்டிருந்தபோது நைனா வந்தார், பார்த்தார், ஒரு மூடி ஊற்றிக் கொடுத்துவிட்டுப் படுத்துவிட்டார்.

பத்து மணிக்கு இட்லி ஊட்ட எழுப்பினால் தம்பி எழவில்லை. தூக்கி உட்காரவைத்தால் தலை தொங்கியது. நான் போட்ட கத்தலில் நைனா எழுந்து, லுங்கியோடு அவனை அள்ளிக்கொண்டு ஆட்டோ பிடித்தார். மருந்து பாட்டிலை நான் எடுத்துக்கொண்டேன்.

"எத்தனை முறை கொடுத்தீங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"ஒரே வாட்டிதாம்மா. மூடி மேலயே இருந்துச்சு. அப்படின்னா இவங்கம்மா குடுக்கலன்னுதான் நான் ஊத்துனேன்," என்றார் நைனா.

அப்போதுதான் எனக்கு மூடி விஷயம் புரிந்தது. "அம்மாவும் குட்துட்டுதான் போச்சு நைனா," என்றேன். மூடியைப் பற்றி வாய் திறக்கவில்லை.

தம்பியை உள்ளே கொண்டுபோனார்கள். அவன் செத்துவிடுவான், நான்தான் கொன்றேன் என்று பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். பசி என்று நினைத்து நைனா பன் வாங்கித் தந்தார்.

ஷிப்ட் முடிந்து அம்மா யூனிபார்மோடு ஓடிவந்தபோது தம்பி லேசாக முனகத் தொடங்கியிருந்தான்.

"மூடிய ஏன் மேலயே வெச்சுட்டுப் போன?" என்று கேட்டார் நைனா.

"நான் கவுத்துதானே..." என்று ஆரம்பித்த அம்மா என்னைப் பார்த்தாள். என் முகம் எப்படி இருந்ததோ. "அவசரத்துல மறந்துட்டேன்," என்றாள்.

அங்கே வந்திருந்த நைனாவின் அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். "சீக்குப் புள்ளைய வெச்சுக்கினு உனுக்கு இன்னா வேலை வேண்டிக் கெடக்குது?" நைனாவும் எதிர்த்துப் பேசவில்லை. அந்த மாதத்தோடு அம்மா வேலையை விட்டாள். கம்பெனியில் அவளைப் பதவி உயர்த்தி லைன் லீடர் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். அதன்பிறகு அவள் எந்த வேலைக்கும் போகவில்லை.

தம்பி பிழைத்துக்கொண்டான். எனக்குத் தினமும் அம்மா கையால் இரட்டைச் சடை, சுடச்சுடச் சோறு. குதித்துக்கொண்டு திரிந்தேன். அம்மா நன்றாக ஏமாந்துவிட்டாள், நான் தப்பித்துவிட்டேன் என்றுதான் அந்த வயதில் நினைத்தேன்.