என்னை உள்ளே விடாத பன்றிக் கொட்டில்

பன்றிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொல்லும் பன்றிக் காய்ச்சல் நாடெங்கும் பரவிய சமயம் அது. கண்டியிலிருந்து மடுல்கெல்லைக்கு ஏறும் பாதையில், தேயிலை மலைக்குக் கீழே என் பண்ணை இருக்கிறது. ஒரு திங்கட்கிழமை காலை, எங்கள் ஓடைக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு சின்னக் கொட்டிலின் வாசலில், கையில் ஊசிப் பெட்டியோடு என்னை வெளியே நிறுத்திவிட்டார்கள். அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பத்திரிகைக்காரர்கள் திருத்திக்கொள்ளட்டும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன்.

முதலில் நான் யாரென்று சொல்ல வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் செடிகளின் தலையைச் சீவி கவ்வாத்து வெட்டியவன். ஒரேயொரு பெட்டைக் குட்டியில் ஆரம்பித்தேன். அன்று காலை என்னிடம் சிறிதும் பெரிதுமாக அறுபத்திரண்டு பன்றிகள் இருந்தன. எல்லாம் வெள்ளைச் சாதி, நீள உடம்பு. கண்டி டவுனில் ஹோட்டல் குசினிகளில் மிஞ்சும் சாப்பாட்டை அள்ள என் லொறி ஒரு நாள் பிந்தினால் அங்கே ஆட்கள் தவித்துப் போவார்கள். என் கொட்டிலின் தரை கொங்கிறீட். கழுவுகிற தண்ணீர் ஒரு சொட்டும் ஓடைக்குப் போகாது. குழியில் சேரும் சாணத்திலிருந்து வரும் காஸில்தான் என் வீட்டில் தேத்தண்ணீர் கொதிக்கிறது. எந்த எஞ்சினியரும் வரைந்து தரவில்லை, இந்த மண்டைதான் வரைந்தது. பார்க்க வந்த அதிகாரிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்து, கையை எடுத்துவிட்டு வெளியே போனார்கள்.

ஊசி போடவும் நானே பழகினேன். ஒரு முறை மிருக வைத்தியர் போட்டதைப் பார்த்தேன், அவ்வளவுதான். அதன் பிறகு சுற்று வட்டாரத்தில் எந்தப் பன்றிக்குச் சுகமில்லாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஒரே ஊசிதான், ஒரே பெட்டிதான். ஞாபகம் வந்தால் சுடுதண்ணீரில் போட்டு எடுப்பேன்.

அந்தத் திங்கட்கிழமை என் கொட்டிலில் மூன்று பன்றிகள் தொட்டியை எட்டிப் பார்க்கவில்லை. காது சிவந்து, உடம்பு சுட்டது. மழையில் நனைந்த காய்ச்சல் என்று நானே முடிவு செய்து, மூன்றுக்கும் ஊசி போட்டேன். மற்றவைக்கும் முன்கூட்டியே போட்டுவிட்டால் நல்லது என்று அதே ஊசியால் வரிசையாகப் போட்டுக்கொண்டு போனேன். அப்போதுதான் பால் கொண்டுவந்தவர் சொன்னார், ஓடைக்கு அந்தப் பக்கத்துத் தங்கச்சியின் பன்றியும் தீன் எடுக்கவில்லையாம் என்று.

அந்தத் தங்கச்சி கூடப் பிறந்தவள் இல்லை, தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். இடுப்பு விட்டுப்போய் மலைக்குப் போக முடியாமல் நின்ற பிறகு, நான் கொடுத்த குட்டியை வைத்துப் பிழைக்க ஆரம்பித்தாள். அவளிடம் இருந்தது இரண்டே இரண்டு தாய்ப் பன்றிகள். ஒன்று சினை, குட்டி போட இன்னும் ஒரு கிழமைதான், ஏழெட்டு நாள். அந்த இரண்டும் போனால் அவளுக்கு வேறு வழி கிடையாது. நாம்தான் காப்பாற்ற வேண்டும் என்று, கூப்பிடாமலேயே கிளம்பினேன். காலில் கொட்டிலுக்குப் போட்ட அதே சப்பாத்து.

வாசலில் குறுக்காக ஒரு கயிறு கட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு பேசினில் மருந்துத் தண்ணீர். கயிறு கட்டிய கம்பைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணே, அங்கேயே நில்லுங்க."

"என்ன புள்ள, கயிறெல்லாம் கட்டியிருக்க? கலியாணமா?"

"காய்ச்சல் காலம் அண்ணே. யாரையும் உள்ள விட வேணாம்னு மிருக வைத்தியர் ஆபீஸ்ல சொன்னாங்க."

"யாரையும்னா? நான் யாரோவா?"

அவள் சிரித்தாள், ஆனால் கயிற்றை அவிழ்க்கவில்லை. "குட்டி போடுற நேரம்னா தீனு குறையும். போன்ல கேட்டுட்டேன். ஊசி வேணாம்."

"போன்ல கேட்டியா? கையால தொட்டுப் பார்க்கத் தெரிஞ்சவன் வாசல்ல நிக்கிறேன், நீ போன்ல கேக்கிறியா?"

அவள் என் சப்பாத்தைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். "உங்க கொட்டில்ல எல்லாம் சாப்பிடுதா அண்ணே?"

இந்த இடத்தில்தான் நான் தவறினேன். அறுபத்திரண்டு பன்றிக்குச் சொந்தக்காரன், இரண்டு பன்றி வைத்திருப்பவளிடம் "மூன்று சாப்பிடவில்லை" என்று எப்படிச் சொல்வது?

"சாப்பிடுது" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். கயிறு அப்படியே இருந்தது.

"அண்ணே, அக்குறணைக்குக் கம்பி வாங்கப் போறப்ப என்ன செய்வீங்க? குளிச்சி, உடுப்பு மாத்தி, சென்ட் போட்டுத்தானே அந்த முஸ்லிம் முதலாளி கடைக்குள்ள போவீங்க?"

"அது அவங்களுக்குக் குடுக்கிற மரியாதை."

"அந்த மரியாதைய என் பன்னிக்கும் கொஞ்சம் குடுங்க."

எனக்குக் கோபம் உச்சி மண்டை வரைக்கும் ஏறிவிட்டது. பன்றி வளர்ப்பவன் என்று என் சொந்தக்காரர்களே என் வீட்டில் தண்ணீர் குடிக்காத காலம் உண்டு. கல்யாண வீட்டில் எனக்குத் தனியாகக் கதிரை போட்டிருக்கிறார்கள். அதையெல்லாம் தாண்டி வந்தவனை, இன்னொரு பன்றிக்காரியே வாசலில் நிறுத்தினால்?

"உனக்கு முதல் குட்டி குடுத்தவன் நான். இனி செத்தாலும் என் வாசலுக்கு வராத!" என்று கத்திவிட்டு வந்தேன். நான் பிடித்திருந்த கம்பில் அவள் மருந்துத் தண்ணீரை ஊற்றிக் கழுவுகிற சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டது. அது இன்னும் எரிந்தது.

மறுநாள் காலை அந்த மூன்றும் செத்துக் கிடந்தன. மத்தியானம் இன்னும் இரண்டு. மிருக வைத்தியரைக் கூப்பிட்டேன். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, என் மகள் வயதுதான். ரத்தம் எடுத்துக்கொண்டு கேட்டார்.

"ஐயா, வருத்தம் வந்ததுகளுக்குப் போட்ட ஊசியாலயோ மற்றதுகளுக்கும் போட்டனீங்கள்?"

"ஆமா."

அவர் என்னைத் திட்டவில்லை. ஊசியை ஒரு பையில் போட்டுக் கட்டினார். "இந்தக் காய்ச்சலுக்கு மருந்து இல்லை ஐயா. வெளியில ஒருத்தரின்ர கொட்டிலுக்கும் போகேல்லைத்தானே?"

நான் நடந்ததைச் சொன்னேன். பொய் சொன்னதையும் சொன்னேன். "கம்பைப் பிடிச்சேன், உள்ள போகல" என்றேன். அவர் ஓடைப் பக்கம் பார்த்தார். "அப்ப ரெண்டு கிழமை பொறுத்துத்தான் சொல்லலாம்" என்றார்.

ரத்தத்தைச் சோதித்த முடிவு வந்தது, அதே பன்றிக் காய்ச்சல்தான். சாகாமல் மிஞ்சியவற்றையும் அழித்துப் புதைக்க வேண்டியதாயிற்று. சுண்ணாம்பு போட்டு மூடினார்கள். காய்ச்சல் எந்த வழியாக என்னிடம் வந்தது என்பது இன்றுவரை தெரியாது. ஆனால் என்னிடமிருந்து எந்த வழியாகப் போயிருக்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

வெளியே போகக்கூடாது என்பதால் வெறுங் கொட்டிலில் உட்கார்ந்திருப்பேன். பன்றி வளர்க்காதவர்களுக்கு இது விளங்காது: தீன் வாளிச் சத்தம் கேட்டால் பன்றிகள் போடுகிற கூச்சல் மலைக்கு மலை கேட்கும். என் பக்கம் அந்தக் கூச்சல் நின்றுவிட்டது. ஓடைக்கு அந்தப் பக்கம் கேட்கிறதா என்று ஒவ்வொரு காலையும் காதைக் கொடுத்திருப்பேன். ஐந்தாம் நாள் கேட்டது. எட்டாம் நாள் மழையில் ஒன்றும் கேட்கவில்லை. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. என் அறுபத்திரண்டும் போனபோதுகூட நான் சாப்பிட்டேன், பொய் சொல்ல மாட்டேன். ஒன்பதாம் நாள் கூச்சலோடு சின்னச் சின்னக் கீச்சுக் குரல்களும் வந்தன. அவள் பன்றி குட்டி போட்டுவிட்டது.

இரண்டு கிழமையும் கழிந்து, போகலாம் என்று வைத்தியர் சொன்ன பிறகு, குளித்து, புதுச் செருப்பு போட்டுக்கொண்டு போனேன். கயிற்றுக்குப் பல அடி தள்ளி, பாதையிலேயே நின்றேன்.

"எத்தனை குட்டி?"

"பதினொண்ணு அண்ணே. ஒண்ணு கொஞ்சம் நோஞ்சான். சாப்பிடுதுங்க."

நானே சொல்லிவிட்டேன். "அன்னைக்கு நீ கேட்டப்ப என் கொட்டில்ல மூணு சாப்பிடல. நான் பொய் சொன்னேன்."

"தெரியும் அண்ணே."

"எப்படித் தெரியும்? யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. உங்க பன்னிங்க நல்லா சாப்பிட்டா நீங்க சும்மா இருப்பீங்களா? எது எத்தனை வாளி தின்னுச்சி, எது எத்தனை கிலோ ஏறிச்சின்னு அரை மணித்தியாலம் நிப்பாட்டாம பேசுவீங்க. அன்னைக்கு 'சாப்பிடுது'ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டீங்க. அப்பவே நெஞ்சு பதறிப் போச்சி."

எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்தது. அவளும் சிரித்தாள். பிறகு, "உங்கள விரட்டிட்டு அன்னைக்கு முழுக்க அழுதேன் அண்ணே" என்றாள்.

கொட்டிலை மாதக்கணக்கில் வெறுமையாகப் போட்டு, கழுவிக் காயவைத்து, மறுபடி தொடங்கினேன். இப்போது ஹோட்டல் சாப்பாட்டைக் கொதிக்க வைக்காமல் தொட்டியில் ஊற்றுவதில்லை. ஒரு பன்றிக்கு ஒரு ஊசி, அதுவும் வைத்தியர் வந்துதான். எண்ணிக்கை பழையபடி ஏறிக்கொண்டு வருகிறது, அதை யாரிடமும் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. ஆனால் "பண்ணை எப்படி?" என்று யாராவது கேட்டால், இரை எடுக்காத பன்றியைப் பற்றி முதலில் சொல்லப் பழகுகிறேன், இந்த வயதிலும் அந்த ஒரு வசனம்தான் என் தொண்டையில் கொஞ்சம் சிக்கிக்கொண்டு வருகிறது.