ஆற்றுக்குப் போகும் பாதை

முள்கம்பியில் கட்டித் தொங்கவிட்ட பால் டின்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் சத்தத்தைக் கேட்டால் இன்றும் என் கால் தானாக நின்றுவிடும். யாராவது கம்பியைத் தொட்டால் போதும், வரிசை முழுவதும் கலகலவென்று காட்டிக்கொடுக்கும். அந்தச் சத்தத்தைப் போன வாரம் மறுபடியும் கேட்டேன். நான் பிறந்த தோட்டத்தில், ஆற்றுக்குப் போகும் அதே பாதையின் தொடக்கத்தில். பக்கத்தில் தூண்டிலும் கையுமாக என் மகன் நின்றிருந்தான்.

மலாய் நாட்டுக்குள் ஜப்பான்காரன் வருவதற்கு முன் அந்தப் பாதையில் வேலி கிடையாது. புக்கிட் செலம்பாவ் பக்கம், மூடா ஆற்றில் போய்க் கலக்கும் ஒரு கிளையாற்றின் கரையில் இருந்தது எங்கள் தோட்டம். கூலிகள் குடியிருந்த லயத்தின் பின்புறமிருந்து ரப்பர் மரங்களுக்கு நடுவே இறங்கும் பாதை ஒரு மடுவின் ஓரத்தில் போய் முடியும். குளிப்பது, துவைப்பது, தூண்டில் போடுவது எல்லாம் அங்கேதான். கோத்தா கோலா மூடாவிலிருந்து உப்பும் கருவாடும் ஏற்றிக்கொண்டு சம்பான் படகுகள் அந்த மடு வரைக்கும் வரும். ஆறு யாருடையது என்று யாரும் கேட்டதில்லை. மழை யாருடையது என்று கேட்கிறோமா?

வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனதும் தோட்டம் கணக்கு எழுதும் பெரிய கிராணியின் கைக்கு வந்தது. கஞ்சி போட்ட வெள்ளைக் காற்சட்டை, எண்ணெய் தடவிப் படிய வாரிய தலை. அவர் யாரையும் கைநீட்டி அடித்ததில்லை. கெட்ட வார்த்தை பேசியதில்லை. "நான் சட்டப்படி நடக்கிறவன்" என்பார். இதைவிட நாற்றம் பிடித்த ஒரு வாக்கியத்தை நான் கேட்டதில்லை. எப்போதாவது வரும் ஜப்பானிய அதிகாரிக்கு முட்டை கொடுப்பதற்காக அவர் வாத்து வளர்த்தார். வாத்துகளுக்குத் தீனி வேண்டும். பாதையை முள்கம்பியால் அடைத்து டின்களைத் தொங்கவிட்டு ஒரு ஜாகாவைக் காவலுக்கு வைத்தார். காலையில் அந்த ஜாகா மடுவில் வலை போடுவான். விராலும் கெளுத்தியும் கிராணி வீட்டுச் சட்டிக்குப் போகும். மிச்சம் வாத்துகளுக்கு. குடிக்கத் தண்ணீர் கேட்டவர்களிடம் லயத்தில் கிணறு இருக்கிறதே என்று பணிவாகச் சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் என் தம்பிக்குக் கால் வீங்கத் தொடங்கியது. அப்பாவைச் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோயிருந்தார்கள். வீட்டில் மரவள்ளிக் கிழங்கைத் தவிர ஒன்றும் இல்லை. தம்பியின் காலில் விரலால் அழுத்தினால் பள்ளம் அப்படியே நிற்கும். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் வந்து பார்த்துவிட்டு, "மருந்து இல்ல தங்கச்சி. மீன் குடு. வெறும் கெழங்கு குடுத்துக்கிட்டிருந்தா புள்ள தங்காது" என்றார்.

அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு கிராணி வீட்டுக்குப் போனாள். அவர் கொல்லையில் நின்று வாத்துகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். கூடை நிறையக் கெண்டைப் பொடிமீன், பாதி அழுகியிருந்தது. மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு மறு கையால் அள்ளி வீசினார்.

"ஆத்துல மீன் புடிக்க வுடுங்கய்யா. புள்ளைக்குக் கால் வீங்கிக் கெடக்கு."

"நான் எங்கம்மா தடுத்தேன்? ஆறு எல்லாருக்கும் பொது. அந்தாண்ட கரையில கம்பத்து ஊரு மலாய்க்காரங்க புடிக்கலையா? பாதைதான் தோட்டத்து நெலம். அதுல நடக்காதன்னுதான் சொல்றேன்."

"பாதையில நடக்காம பறந்தா போறது?"

"அது ஒன் பாடு."

வாத்து ஒன்று விழுங்க முடியாமல் கக்கிய மீன் அம்மாவின் கால் பக்கத்தில் கிடந்தது. அம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். குனிந்து எடுத்துவிடுவாளோ என்று நான் அவள் முந்தானையைப் பிடித்தேன். அவள் எடுக்கவில்லை.

திரும்பும்போது வேலியோரம் நின்றோம். கம்பத்து மலாய்க்காரர் ஒருவர் சம்பானில் வந்து மடுவில் வலை வீசினார். ஜாகா கரையில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டு வெறுமனே பார்த்தான். தண்ணீரில் வருகிறவரை அவனால் ஒன்றும் செய்ய முடியாது. அம்மா சொன்னாள்: "அவருக்குச் சம்பான். நமக்குக் காலு."

மறுநாள் லயத்துப் பெண்கள் பெரிய ரோட்டு வழியாகப் பாலத்துக்குப் போனார்கள். பாலமும் ரோடும் தோட்டத்துடையவை அல்ல. பாலத்தடியில் தண்ணீரில் இறங்கி, இடுப்பளவு ஆற்றிலேயே மடு வரை நடந்தோம். துணிக்குப் பஞ்சமான காலம்; அம்மா இருந்த ஒரே சேலையை வலையாக்கிவிட்டுக் கோணிச் சாக்கைச் சுற்றியிருந்தாள். சேலையின் ஒரு முனை என் கையில்.

"முதல இருக்குமாம்க்கா," என்றாள் பின்னால் வந்த ஒருத்தி.

"இருக்கட்டும். நம்ம எலும்பக் கடிச்சா அதுக்குப் பல்லுதான் போவும்," என்றாள் அம்மா.

சிரிப்புச் சத்தம் கேட்டுக் கிராணி கரைக்கு வந்துவிட்டார்.

"என்னா, ஆத்துல திருவிழாவா?"

"நீங்க சொன்ன சட்டந்தாங்கய்யா," என்றாள் அம்மா. "கரையில கால் வைக்கல. நல்லாப் பாத்துக்குங்க."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

நாங்கள் தொடர்ந்து போனோம். குழம்பில் புளி இல்லை, மிளகாய் இல்லை, மீனும் உப்பும்தான். தம்பியின் காலில் பள்ளம் விழுவது குறைந்தது. ஒருநாள் எழுந்து வாசல் வரை காக்கையைத் துரத்திக்கொண்டு போனான். அம்மா அடுப்பங்கரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

பிறகு ஒரு காலை, பெண்கள் எல்லோரையும் தூரத்து மேட்டு ரப்பர் மர நிரையில் புல் வெட்ட அனுப்பினார் கிராணி. சாயங்காலம் பாலத்துக்குப் போனபோது நாற்றம் ரோடு வரை வந்தது. ஆறு பாலாக வெளுத்திருந்தது. கிராணியின் ஆட்கள் மீனை மயக்கும் தூபா வேரை இடித்து ஆற்றின் மேல்பக்கம் கரைத்துவிட்டிருந்தார்கள். மயங்கிய மீனை உடனே எடுத்தால் தின்னலாம் என்பார்கள். பகல் முழுக்க வெயிலில் கிடந்தவை ஊதி வெடித்திருந்தன. சுண்டுவிரல் அளவுக் குஞ்சுகூடத் தப்பவில்லை. எதிர்க்கரையில் மலாய்க்காரர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். கிராணி ஒரு மீனைக்கூட எடுத்திருக்கவில்லை. அன்று காலை அவர் வாத்துகளை மட்டும் வெளியே விடாமல் அடைத்து வைத்திருந்தார் என்பது பிறகு தெரிந்தது.

அடுத்த மழைக்கு ஆற்றில் மீன் வந்தது. தம்பி மழை வரை இருக்கவில்லை. வீக்கம் காலிலிருந்து வயிற்றுக்கு ஏறி, பிறகு மூச்சை அடைத்தது.

சண்டை முடிந்து துரை திரும்பி வந்தபோது லயத்தார் ஆபீஸ் வாசலில் கூடி நடந்ததையெல்லாம் சொன்னார்கள். கிராணி அமைதியாகக் கேட்டார். "நான் யாரையும் ஆத்துல மீன் புடிக்கக் கூடாதுன்னு சொன்னதே இல்ல. இவங்களையே கேளுங்க" என்றார். துரை கேட்டார். எங்களால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. ஏனென்றால் அது உண்மை. என் தம்பியைக் கொன்றது ஓர் உண்மை. அம்மா தரையில் காறித் துப்பினாள். கிராணி தன் காற்சட்டையில் பட்டுவிட்டதா என்று குனிந்து பார்த்தார். அடுத்த வருடத் தீமிதியில் அவருக்குத்தான் முதல் மாலை.

பாம்பு, முதலை, ஜப்பான்காரன் எல்லாவற்றின் பயமும் எனக்கு வயதோடு தேய்ந்துவிட்டது. மரியாதையாகப் பேசிக்கொண்டே கதவைச் சாத்துகிறவர்களைப் பற்றிய பயம் தேயவில்லை. என் பிள்ளைகளைத் தண்ணீர்ப் பக்கமே விடாமல் வளர்த்தேன். மகன் ஆற்றங்கரைக்குப் போனதாகக் காதில் விழுந்தாலே இரவு தூக்கம் வராது.

போன வாரம் அவன் நச்சரிப்பு தாங்காமல், நானும் கூட வருகிறேன் என்று கிளம்பினேன். தோட்டம் யாரோ ஒரு புது முதலாளியிடம் இருக்கிறது. அதே இடத்தில் புதுக் கம்பி. அதே மாதிரிப் பால் டின்கள். மகன் கை வைத்ததும் கலகலவென்று அடித்தது. காவற்கூண்டிலிருந்து ஓர் இளைஞன் வந்தான். நல்ல சட்டை, நல்ல பேச்சு.

"ஆத்துல தாராளமா மீன் புடிக்கலாம் அக்கா. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம். இந்தப் பாதை மட்டும் கம்பெனி எடம்லா, அதான்."

எனக்கு மூக்கில் அந்தக் கெண்டைப் பொடிமீனின் நாற்றம் வந்தது. மகன் என் முகத்தைப் பார்த்து, "பரவால்லம்மா, வீட்டுக்குப் போயிரலாம்" என்றான்.

நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு ரோடு வழியாகப் பாலத்துக்கு நடந்தேன். செருப்பைக் கழற்றிப் பாலத்தடியில் வைத்தேன். தண்ணீரில் இறங்கினேன்; நான் நினைத்திருந்ததைவிடக் குளிர்ந்தது.

"எறங்குடா," என்றேன். "தண்ணியிலயே வா. கரையில கால் வைக்காத."