பதினோராம் படியில் முழுச் சிக்னல்

அந்தச் சமுதாயக் கல்லூரியில் கணினிப் பிரிவு என்றால் ஒயரம்மா ஒருத்திதான். தோளில் எப்போதும் நீலக் கேபிள் சுருளை மாட்டிக்கொண்டு நடந்ததால் வந்த பெயர். பெற்றவர்கள் வைத்தது சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. பன்னிரண்டு வருடங்களாக பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை உருவிக்கொண்டிருந்தவளை ஒரு நாள் முதல்வர் கூப்பிட்டார்.

"ஏம்மா, அஞ்சு வருஷத்துக்கு நெட்வொர்க் திட்டம் ஒண்ணு எழுதணும். மேலிடத்துல கேக்கறாங்க. நீதான் எழுதற."

ஒயரம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. ரிப்பேர் இல்லாத ஒரு வேலை அவளைத் தேடி வந்தது அதுதான் முதல்முறை. வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கல்லூரி வரைபடத்தை விரித்துப் போட்டாள். தட்டு வைக்க இடமில்லாமல் அவள் கணவர் ஒரு வாரம் நின்றபடியே சாப்பிட்டார்.

நான்கு கட்டடம், எழுபத்திரண்டு அறை. கையில் போனைப் பிடித்தபடி ஒவ்வொன்றிலும் சிக்னலை அளந்தாள். எங்கே போனாலும் ஒரு கோடு, மிஞ்சினால் ஒன்றரை. நூலகத்துக்கு ஏறும் மாடிப்படியில், பதினோராம் படியில் மட்டும் முழுசாக வந்தது. ஏன் என்று அவளுக்கே பிடிபடவில்லை. ஆனாலும் அளந்ததை அளந்தபடி அறிக்கையில் எழுதினாள். அங்கேதான் ஆரம்பித்தது வம்பு.

முதல்வர் நேரில் பார்க்க வந்தார். பதினோராம் படியில் நின்ற மூன்றாவது நிமிடம், இரண்டு வாரமாக வராத மின்னஞ்சலெல்லாம் மடமடவென்று கொட்டியது.

"அடேயப்பா! ஒரு நாற்காலி கொண்டுவரச் சொல்லும்மா."

மறுநாள் மேசையும் வந்தது. படிக்குத் தோதாக அதன் இரண்டு கால்களை அறுத்திருந்தார்கள். முதல்வர் கையெழுத்து அடிக்கடி வேண்டும் என்று தேர்வு அலுவலர் ஒன்பதாம் படிக்குக் குடிவந்தார். ஆங்கிலத் துறை ஏழாம் படியைப் பிடித்தது. கடைசியில் வந்த வேதியியல்காரருக்கு இரண்டாம் படிதான் மிஞ்சியது. ஏறுகிறவர் இறங்குகிறவர் எல்லாரும் அவர் காலை மிதித்துவிட்டுத்தான் போனார்கள். மேலே தனியாக மாட்டிக்கொண்ட நூலகர், கேட்ட புத்தகத்தை வாளியில் வைத்து ஜன்னல் வழியே கயிற்றில் இறக்கினார்.

திட்டக் குழுக் கூட்டமும் படிக்கட்டிலேயே நடந்தது. எல்லாரும் கழுத்தைத் திருப்பி மேலே பார்த்துக்கொண்டிருக்க, நான்கு கட்டடத்துக்கும் நாற்பத்தொரு வைஃபை கருவிகள் வேண்டும் என்று ஒயரம்மா வாசித்தாள்.

"எதுக்கும்மா அவ்வளவு?" என்றார் முதல்வர். "ஆளுங்க இருக்கற எடத்துக்கு சிக்னல் போகணும்னு எழுதியிருக்க. ஆளுங்கதான் சிக்னல்கிட்டயே வந்துட்டாங்களே!"

கைதட்டல் எழுந்தது. காதில் சரியாக விழாத வேதியியல்காரரும் சேர்ந்து தட்டினார்.

வீட்டுக்கு வந்தவள் முகம் கறுத்திருந்தது. "விட்டுடு, சாப்பாட்டு மேசையாவது எனக்குக் கெடைக்கட்டும்" என்றார் கணவர்.

அவளால் விட முடியவில்லை. ஒரு விடுமுறை நாளில், பழைய சாமான் அறையில் கிடந்த கருவிகளைத் துடைத்து, உயிர் கொடுத்து, நான்கு கட்டடத்திலும் மாட்டினாள். கழிப்பறையில்கூட முழுக் கோடு காட்டியது. மறுநாள் காலை மூச்சு வாங்க ஓடி வந்து படிக்கட்டில் அறிவித்தாள்.

"எல்லாரும் அவங்கவங்க ரூமுக்குப் போலாம் சார்!"

ஒருவரும் அசையவில்லை.

"இந்த ஒன்பதாம் படிக்கு நான் எவ்வளவு போராடினேன் தெரியுமா?" என்றார் தேர்வு அலுவலர். "கீழ போனா என்னை யார் மதிப்பா?"

வேதியியல்காரர் மட்டும் நொண்டிக்கொண்டே எழுந்து போனார். காலியான இரண்டாம் படிக்கு அன்று மதியத்துக்குள் ஐந்து விண்ணப்பங்கள் வந்தன. நெரிசலைப் பார்த்த முதல்வர் திட்டத்தைத் திருத்தச் சொன்னார். கருவிகள் வேண்டாம், இன்னொரு மாடிப்படி கட்டலாம். மேலிடம் உடனே ஒப்புக்கொண்டது. ஒயரம்மா எழுதிய திட்டம் ஒன்று நிறைவேறப்போகிறது!

கட்டட மேஸ்திரி வந்து தலையைச் சொறிந்தார். "ஏம்மா, இது எங்க போய் முடியணும்?"

அவள் முதல்வரிடம் கேட்டாள்.

"முடியவே வேண்டாம்மா," என்றார் அவர், மடிக்கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல். "திட்டம் அஞ்சு வருஷத்துக்குத்தானே?"

ஒயரம்மா படியிறங்கி, ஆளில்லாத முதல்வர் அறைக்குள் போய், மின்விசிறியைப் போட்டாள். அவருடைய பெரிய நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தவளுக்கு, வயிறு வலிக்கிற அளவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, புது மாடிப்படிக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி வேண்டும் என்று எழுத ஆரம்பித்தாள்.